பூவரசம் வேலியில் ஒரு சிவப்புப் பூச்சி

மானிப்பாயில் மதிலாக மாறாமல் எஞ்சியிருக்கும் பூவரசம் வேலிகளின் அடியில், காய் முற்றி உதிரும் காலத்தில் ஒரு சிவப்புக் கூட்டம் திரளும். கிடக்கும் காயொன்றைக் குச்சியால் புரட்டினால் பத்திருபது பூச்சிகள் நாலாபக்கமும் ஓடும். பறக்கும் எண்ணம் அவற்றுக்கு அவ்வளவாக வராது, கடிக்கவும் மாட்டா. பெரியதும் சிறியதுமாகக் கலந்திருக்கும். சில சோடிகள் பின்பக்கத்தால் ஒட்டிக்கொண்டு, ஒன்று முன்னே நடக்க மற்றது பின்காலால் இழுபட்டுப் போகும். அந்த நிலையில் மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கிலும் இருக்கும். ‘சிவத்தப் பூச்சி’ என்று சொல்லி நாம் கடந்து போய்விடுகிறோம். அது வெண்டிப் பாத்திக்குள் வந்துவிட்டால் மருந்தடிக்கும் தாங்கியைத் தூக்குகிறோம். நின்று பார்ப்பதில்லை.

நின்று பார்க்க வேண்டிய பூச்சி இது. நூல்களில் இதற்குச் சிவப்புப் பருத்திப் பூச்சி என்று பெயர். தமிழ்நாட்டு வேளாண் நூல்கள் சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சி என்கின்றன. அறிவியற் பெயர் டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ். 1775இல் டென்மார்க் நாட்டுப் பூச்சியியலாளர் பாப்ரிசியஸ் இதை முதன்முதலில் விவரித்துப் பெயரிட்டார். தென்னாசியாவிலிருந்து தென்கிழக்காசியா வழியாக வட அவுஸ்திரேலியா வரை இது பரந்திருக்கிறது. வண்டினத்தைச் சேர்ந்ததல்ல, மூட்டைப்பூச்சிக்கும் அழுக்கணவனுக்கும் உறவு. குத்தி உறிஞ்சும் வாயுள்ள பெருவரிசையில், விதையை நம்பி வாழும் ஒரு குடும்பத்தில் பிறந்தது. இதன் நிறம், வாய், குடல், இறக்கை நான்கையும் விளங்கிக்கொள்ள ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். அந்த நூல் விதை.

உருவம்

ஒரு கைவில்லையும் மூடியுள்ள சிறு கண்ணாடிப் போத்தலும் இருந்தால் உருவத்தை முழுதாகப் படித்துவிடலாம். வளர்ந்த பூச்சி 12 முதல் 18 மில்லிமீற்றர் நீளம். பெண் ஆணைவிடப் பெரியது. உடல் ஒடுங்கிய நீள்வட்டம். தலை சிவப்பு, முக்கோணம். அதன் இரு பக்கத்திலும் கறுப்புக் கண்கள் துருத்தி நிற்கும். உணர்கொம்புகளில் நான்கு கணுக்கள். தலைக்கு உடனே பின்னால் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டி. முதுகின் நடுவில், இரண்டு இறக்கைகளும் தொடங்கும் இடத்தில், ஒரு கறுப்பு முக்கோணம். ஒவ்வொரு முன்னிறக்கையின் நடுவிலும் ஒரு கறுப்புப் பொட்டு. ஆக மேலிருந்து பார்த்தால் சிவப்பின் மீது மூன்று கறுப்பு அடையாளங்கள்.

முன்னிறக்கையை இன்னும் கிட்டப் பாருங்கள். முன்பாதி தோல்போலத் தடித்துச் சிவந்திருக்கும். பின்பாதி மெல்லிய கறுப்புச் சவ்வு. இறக்கைகளை மடிக்கும்போது சவ்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே படியும். இந்தப் பாதித் தோல், பாதிச் சவ்வு அமைப்புத்தான் நாவாய்ப்பூச்சிகளை வண்டுகளிலிருந்து பிரித்துக் காட்டும் முதல் அடையாளம். வண்டின் முன்னிறக்கை முழுவதும் ஓடாக இறுகி, முதுகின் நடுவில் நேர்கோடாகச் சந்திக்கும்.

இப்போது போத்தலைத் தலைகீழாகத் திருப்புங்கள். பலர் காணாத அழகு அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. வயிற்றின் குறுக்கே சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி, தூரிகையால் இழுத்தது போன்ற சுத்தமான பட்டிகள். கால்களின் தொடைப்பகுதியில் கறுப்பு, ஒவ்வொரு பூச்சியிலும் கூடியும் குறைந்தும் காணப்படும். இந்தத் தொடைக் கறுப்பைத்தான் இதன் இரட்டையரைப் போன்ற இன்னோர் இனத்திலிருந்து பிரித்தறியப் பார்க்கிறார்கள். அந்த இனத்தின் பெயர் டிஸ்டெர்கஸ் கோனிகை. இந்தியாவில் பரவலாக உண்டு. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் குடியேற்றத்துக்கு 1768இல் வைத்தியராக வந்து, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தாவரங்களையும் பூச்சிகளையும் சேகரித்த கோனிக்கின் நினைவாகப் பாப்ரிசியஸ் அந்தப் பெயரை வைத்தார். இருவருமே லின்னேயஸிடம் படித்தவர்கள். நம் வேலியோரப் பூச்சிகள் உலக அறிவியலின் ஏட்டில் ஏறியது இப்படியான கைகளின் வழியாகத்தான்.

எருக்கலைச் செடியிலும் சிவப்பும் கறுப்புமாக ஒரு பூச்சி இருக்கும். பலர் இரண்டையும் ஒன்றென்று நினைப்பார்கள். பிரித்தறிய வில்லையைத் தலைக்கு நேரே கொண்டுபோக வேண்டும். எருக்கலைப் பூச்சிக்கு இரு பெரிய கண்களுக்கு நடுவே, உச்சியில், மணிபோல இரண்டு சிறு தனிக்கண்கள் மினுங்கும். பருத்திப் பூச்சிக்கு அவை இல்லை. அதன் குடும்பம் முழுவதற்குமே தனிக்கண் கிடையாது.

நிறம் எங்கிருந்து வருகிறது

விதை என்பது ஒரு குருத்துக்காகத் தாய்மரம் சேர்த்துவைத்த உணவு. பூவரசு, பருத்தி, வெண்டி, இலவு, செவ்வரத்தை, துத்தி எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இவற்றின் விதைகளில் எண்ணெயும் புரதமும் நிறைந்திருக்கும். புரதத்தை உண்ணும் எந்த உயிரும் அதில் எஞ்சும் நைதரசனை எப்படியாவது தீர்த்தாக வேண்டும். நாம் யூரியாவாக்கிச் சிறுநீரில் கழிக்கிறோம். பறவைகளும் பெரும்பாலான பூச்சிகளும் யூரிக் அமிலமாக்கி வெளியேற்றும்.

இந்தப் பூச்சிக் குலம் யூரிக் அமிலத்தில் ஒரு பங்கைத் தோலுக்குள்ளேயே சேர்த்துவைக்கிறது. கழுத்துப் பட்டியிலும் வயிற்றுப் பட்டிகளிலும் நாம் காணும் தூய வெள்ளை அதுதான். சிவப்பைத் தருபவை தெரின் எனப்படும் நிறப்பொருள்கள். மரபணுவின் எழுத்துகளில் ஒன்றான குவானினோடு தொடர்புடைய மூலக்கூறிலிருந்து அவை உண்டாகின்றன. அவற்றிலும் நைதரசன் மிகுதி. நம் தோட்டங்களில் பறக்கும் வெள்ளை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றுக்கு நிறம் தருவதும் தெரின்களே. ஆக வேலியோரத்தில் பளிச்சிடும் சிவப்பும் வெள்ளையும் நைதரசன் வேதியியலின் இரண்டு கிளைகள்.

அந்த நிறம் பூச்சிக்குப் பயன்படுகிறது. ஒளிந்து வாழும் பூச்சி இலையின் நிறம் பூணும். இது பகலில், திறந்த வெளியில், கூட்டமாக நிற்கிறது. சிவப்பும் கறுப்பும் சேர்ந்த உருவத்தைக் கண்டால் பறவைகள் தயங்கும். ஒருமுறை கொத்திச் சுவை பிடிக்காமல் துப்பிய பறவை அந்த நிறத்தை நினைவில் வைத்திருக்கும். குஞ்சுப் பூச்சிகளின் முதுகில் வரிசையாக மூன்று நாற்றச் சுரப்பிகளின் வாயில்கள் உண்டு. அவை ஆபத்தில் மணமுள்ள திரவத்தைச் சுரக்கும். நூறு பூச்சிகள் ஒன்றாக நின்றால் எச்சரிக்கையும் நூறு மடங்கு தெளிவாகத் தெரியும். கூட்டமாக வாழ்வதன் பயன்களில் இதுவும் ஒன்று.

எச்சரிக்கைக்கு அஞ்சாத எதிரியும் இருக்கிறது. அன்டிலோகஸ் என்ற பூச்சி இதே குடும்பத்தில் பிறந்து, இதே சிவப்பை உடுத்து, விதையை விட்டுவிட்டுத் தன் உறவினரையே குத்தி உறிஞ்சி வாழ்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. கூட்டத்தின் நடுவே கொஞ்சம் பருத்த, இறக்கையில் பொட்டில்லாத சிவப்புப் பூச்சி ஒன்றைக் கண்டால் அதை விட்டுவிடுங்கள். தோட்டக்காரருக்கு அது கூலி கேட்காத வேலையாள்.

வாயும் குடலும்

தலையின் அடியில் நான்கு கணுக்களுள்ள நீண்ட அலகொன்று கால்களுக்கு நடுவே மடிந்து கிடக்கும். நாம் அலகென்று காண்பது வெறும் உறை. கத்தி உள்ளே இருக்கிறது. மயிரைவிட மெல்லிய நான்கு ஊசிகள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே தண்டாக நிற்கின்றன. வெளியே உள்ள இரண்டும் துளைப்பவை. உள்ளே உள்ள இரண்டும் சேரும்போது அவற்றுக்கிடையே இரண்டு நுண்குழாய்கள் உருவாகும்: ஒன்றால் உமிழ்நீர் கீழே போகும், மற்றதால் உணவு மேலே வரும்.

பூவரசம் விதையில் இது வேலை செய்வதைப் பொறுமையாகப் பார்க்கலாம். பூச்சி முதலில் விதையை உணர்கொம்பால் தட்டித் தடவும். பிறகு அலகை நிமிர்த்திக் கீழே ஊன்றும். ஊசிகள் இறங்க இறங்க உறை முழங்கைபோல மடிந்து பின்வாங்கும். விதையின் உள்ளே இருப்பது திண்மம். அதை அப்படியே உறிஞ்ச முடியாது. உமிழ்நீர் அதைக் கரைக்க வேண்டும், பிறகுதான் குடிக்கலாம். அதனால் ஒரே இடத்தில் நெடுநேரம் அசையாமல் நிற்கும். விதை சிறியதானால் அலகில் குத்தியபடியே இழுத்துக்கொண்டு வேறிடம் போவதும் உண்டு. உணவு உலர்ந்தது என்பதால் தண்ணீரும் தனியாகக் குடிக்கும்; பனி ஈரமும் மண்ணின் கசிவும் அதற்குப் போதும்.

விதையில் எல்லாம் இருந்தும் ஒரு குறை உண்டு. சில பி விற்றமின்கள் அதில் பூச்சிக்குப் போதிய அளவில் இல்லை. இந்தக் குறையை நிரப்புபவை குடலில் வாழும் பற்றீரியாக்கள். ஜேர்மனியின் ஜெனா நகரிலுள்ள மக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2013, 2014ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. ஆபிரிக்கப் பருத்திப் பூச்சியிலும் அதன் ஐரோப்பிய உறவான நெருப்புப் பூச்சியிலும் முட்டையின் மேற்பரப்பைக் கழுவிப் பற்றீரியாவை நீக்கினார்கள். பொரித்த குஞ்சுகள் மெதுவாக வளர்ந்தன, பல இறந்தன. உணவில் பி விற்றமின்களைச் சேர்த்துக் கொடுத்தபோது தேறின. தாய் முட்டையிடும்போதே அந்த நுண்ணுயிர்களை முட்டையின் மேல் பூசிவிடுகிறாள். பிள்ளைகள் அதை வாயால் எடுத்துக்கொள்கின்றன. தாய் விட்டுச்செல்லும் முதல் சீதனம் அதுதான்.

முட்டையிலிருந்து இறக்கைவரை

ஈர மண்ணில், சருகின் அடியில் சிறு குழியொன்றில் பெண் கூட்டமாக முட்டையிடும். மங்கிய மஞ்சள் நிற முட்டைகள் ஏறத்தாழ ஒரு கிழமையில் பொரிக்கும். இதற்குப் புழுப் பருவமும் இல்லை, கூட்டுப்புழுவும் இல்லை. பொரிப்பது தாயைப் போன்ற உருவமுள்ள, இறக்கையில்லாத குஞ்சு. நம் பாடநூல்கள் அணங்கு என்று சொல்லும் பருவம். முதற்பருவ அணங்குகள் விதையைத் தொடுவதில்லை; தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு நெருக்கமாகக் குவிந்திருக்கும். பிறகு ஐந்து தடவை தோல் கழற்றும். தோல் கழற்றிய கணத்தில் பூச்சி இளஞ்சிவப்பாக, மெழுகுபோல மெத்தென்று இருக்கும். கறுப்பு அடையாளங்கள் சில மணி நேரத்தில் மெல்ல ஊறிவரும். பருவம் ஏற ஏற முதுகில் இறக்கை மொட்டுகள் நீளும். ஐந்தாவது தோல் கழன்றதும் முழு இறக்கையோடு முதிர்ந்த பூச்சி வெளிப்படும்.

அந்த இறக்கையின் கதைதான் இந்தப் பூச்சியின் வாழ்வில் மிக வியப்பானது. மரத்தின் விதை ஆண்டு முழுவதும் கிடைக்காது. ஒரு வேலியில் காய் தீர்ந்தால் அடுத்த வேலிக்கு, அடுத்த ஊருக்குப் பறந்தாக வேண்டும். அதற்கு வலிய பறப்புத் தசை தேவை. ஆனால் விதை குவிந்து கிடக்கும் இடத்தை அடைந்துவிட்ட பெண்ணுக்கு இனிப் பறக்க வேண்டியதில்லை. முட்டைக்குப் புரதம் வேண்டும். பறப்புத் தசையை அவள் உடலே கரைக்கிறது. கரைந்த தசையின் புரதம் முட்டைகளுக்குள் போய்ச் சேர்கிறது. இதே டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ் இனத்தில் கேரளத்து ஆய்வாளர்கள் 1980களில் இதைக் காட்டினார்கள். வேலியடியில் பூச்சிகள் பறக்காமல் ஓடுவதன் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது. சிறகைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிய தாய்கள் அவற்றில் பல.

ஆய்வுகூடத்துக்குப் போன குடும்பம்

உயிரியல் கற்ற எவரும் எக்ஸ் நிறமூர்த்தத்தை அறிவர். அது முதன்முதலில் கண்ணில் பட்டது இந்தப் பூச்சியின் ஐரோப்பிய உறவில்தான். 1891இல் ஜேர்மனியரான ஹேர்மன் ஹெங்கிங், நெருப்புப் பூச்சியின் விந்தணு உருவாகும் விதத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி விந்தணுக்களுக்குப் பதினொரு நிறமூர்த்தங்கள் போயின, மறுபாதிக்குப் பன்னிரண்டு. கூடுதலாக இருந்த அந்த ஒன்று என்னவென்று விளங்காததால் அதற்கு எக்ஸ் என்று குறி போட்டார். ஆணா பெண்ணா என்பதோடு அதற்குத் தொடர்புண்டு என்பது அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் தெளிவானது.

இன்னொரு கதை 1960களின் நடுப்பகுதியில் நடந்தது. பிராக் நகரிலிருந்து கரெல் ஸ்லாமா என்ற ஆய்வாளர் தான் வளர்த்த நெருப்புப் பூச்சிகளோடு அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிராக்கில் ஒழுங்காக முதிர்ந்த பூச்சிகள் அங்கே முதிர மறுத்தன. ஐந்தாம் பருவத்துக்குப் பிறகு முழுப் பூச்சியாகாமல் ஆறாவது, ஏழாவது அணங்காகப் பருத்து இறந்தன. உணவு, நீர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த ஸ்லாமாவும் பேராசிரியர் கரோல் வில்லியம்ஸும் கடைசியில் கண்டுபிடித்த குற்றவாளி, போத்தலுக்குள் விரித்திருந்த காகிதத் துவாலை. அமெரிக்கப் பத்திரிகைத் தாள்களும் அதே கேட்டைச் செய்தன. இலண்டனிலிருந்து வந்த தாள்கள் செய்யவில்லை. அமெரிக்கக் காகிதத்துக்குக் கூழாகும் பால்சம் பேர் மரத்தில் பூச்சியின் இளமை ஓமோனைப் போலவே வேலை செய்யும் பொருளொன்று இருந்தது. 1966இல் அது பிரித்தெடுக்கப்பட்டு ஜுவாபியோன் என்று பெயர் பெற்றது. அந்தப் பொருள் இந்தக் குடும்பத்துப் பூச்சிகளை மட்டுமே குறிவைத்தது என்பது இன்னும் வியப்பு. எல்லாவற்றையும் கொல்லும் நஞ்சுக்குப் பதிலாக, ஒரு பூச்சியின் வளர்ச்சியை மட்டும் குலைக்கும் பொருளைத் தேடலாம் என்ற எண்ணத்துக்கு அது பெரும் ஊக்கமானது.

கறையும் விற்றமினும்

பருத்திக்கு நம் வேலியோரப் பூச்சி தீங்கானது, ஐயமில்லை. காய்க்குள் ஊசி விட்டு விதையை உறிஞ்சும்போது விதை சூம்புகிறது, முளைதிறனும் எண்ணெயும் குறைகின்றன. அதைவிடப் பெரிய சேதம் பஞ்சில் படியும் கறை. ஊசியோடு ஒரு பங்கசும் காய்க்குள் நுழைந்து பஞ்சை மஞ்சளாகவும் பழுப்பாகவும் ஆக்கிவிடும். அந்தப் பங்கசு தானாகக் காயைத் துளைக்க முடியாதது. உறிஞ்சும் பூச்சிதான் அதற்கு வாகனம். 1926இல் அஷ்பி, நவெல் என்ற இருவர் அதைப் பருத்தியிலிருந்து பிரித்து விவரித்தார்கள்.

வளர்ப்புத் தட்டில் அந்தப் பங்கசு மஞ்சளாக மின்னும். மஞ்சளுக்குக் காரணம் அது மிதமிஞ்சி உற்பத்தி செய்யும் ரைபோஃபிளேவின், அதாவது விற்றமின் பி2. இன்று ஜேர்மனியின் பீ.ஏ.எஸ்.எஃப் நிறுவனம் இதே பங்கசைப் பெருந்தாழிகளில் வளர்த்து அந்த விற்றமினைத் தயாரிக்கிறது. பருத்தி விவசாயியை நட்டப்படுத்திய கறை, மருந்துக் குளிசையிலும் கால்நடைத் தீவனத்திலும் ஊட்டமாகச் சேர்கிறது. ஓர் உயிரைப் பீடை என்ற ஒரு சொல்லோடு முடித்துவிட்டிருந்தால் இது தெரியவந்திராது.

வேலியும் தோட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பூவரசு வெறும் எல்லைக் கதியால் மட்டுமல்ல. ஆட்டுக்கு அது குழை. தோட்டத்துக்குத் தாழ்க்கும் பசளை. முற்றினால் நல்ல மரம். அதன் காய்க்குள் இருக்கும் விதையைப் பூச்சி தின்பதால் நமக்கு நட்டமில்லை. நாம் பூவரசை நடுவது விதையால் அல்ல, தடியால். ஆகவே வேலியடியில் சிவப்புக் கூட்டத்தைக் கண்டு மருந்தடிப்பது வீண் செலவு. அந்த மருந்தில் அன்டிலோகஸ் சாகும், சிலந்தி சாகும், வேலியோரம் கிண்டித் தின்னும் கோழிக்கும் கேடு. குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் எதுவும் கடைசியில் நம் கிணற்றுக்குத்தான் வரும்.

வெண்டித் தோட்டத்தில் கணக்கு வேறு. கறிக்குப் பிஞ்சாகப் பறிக்கும் காயை இது அதிகம் தாக்க நேரமிருக்காது. விதைக்கென்று முற்றவிட்ட காயைத்தான் தேடி வரும். சொந்த விதை எடுக்கும் தோட்டக்காரர் காலையில், வெயில் ஏறுமுன், காயைச் சவர்க்கார நீருள்ள வாளியின்மேல் பிடித்துத் தட்டினால் கூட்டத்தோடு விழும். கூடி நிற்கும் அதன் பழக்கம் இங்கே நமக்கு உதவி. உதிர்ந்த முற்றிய காய்களைப் பொறுக்கி அகற்றுவது, விதைக்காயை மெல்லிய துணியால் கட்டிவிடுவது, மண்ணைக் கிளறி முட்டைகளை வெயிலில் உலரவிடுவது ஆகிய மூன்றும் செலவில்லாத வழிகள். முதலில் அது இந்தப் பூச்சிதானா என்று பார்க்க வேண்டும். கழுத்தில் வெள்ளைப் பட்டி, முதுகில் மூன்று கறுப்பு அடையாளங்கள்.

பார்ப்பதைக் கற்பிக்க மானிப்பாய்க்குத் தனி உரிமை உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டு இந்த ஊரில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். பின்னர் தமிழிலேயே கற்பித்தார். மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. உடலின் ஒவ்வோர் உறுப்பையும் திறந்து பார்த்துத் தமிழில் பெயர் சொல்லிப் படித்த மாணவர்கள் இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறார்கள்.

இன்று இங்குள்ள பாடசாலைகளின் விஞ்ஞான அறைகளில் அதைத் தொடர ஒரு வாயகன்ற போத்தல் போதும். அடியில் இரண்டு விரல் ஈர மண், ஊறவைத்த வெண்டி விதை கொஞ்சம், தண்ணீர் குடிக்க நனைத்த பஞ்சு, வாயைக் கட்ட ஒரு துணி. வேலியடியில் பிடித்த இரண்டு சோடியை விட்டால் சில கிழமைகளில் முட்டை, ஐந்து தோல்கள், வெள்ளைப் பட்டி தோன்றும் பருவம், இறக்கை மொட்டு எல்லாவற்றையும் பிள்ளைகள் நாள்தோறும் வரைந்து குறிக்கலாம். உருமாற்றம், ஒன்றியவாழ்வு, ஓமோன், நிறமூர்த்தம் என்று பாடநூலில் தனித்தனி அத்தியாயமாகக் கிடப்பவை ஒரே உயிரில் கூடி நிற்பதை அவர்கள் அப்போது அறிவார்கள். அப்படிப் பார்த்து வளரும் பிள்ளை நாளைக்குத் தோட்டக்காரராக ஆனாலும், மருந்துத் தாங்கியைத் தூக்குமுன் குனிந்து பூச்சியின் பெயரைக் கேட்பார்.